எட்டடிக்கு நாலடித் தகட்டின் பயன்கள்

என் அக்காவின் தொப்புளுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம் எட்டிப் பார்த்த அதே வாரத்தில்தான் எங்கள் ஊர் மருத்துவமனையின் பெரிய ஆட்டோகிளேவில் விரிசல் விழுந்தது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சம்பந்தத்தை உண்டாக்கிக் கொடுத்தது தகட்டுத் தர உறுதி வாரியம்.

அக்கா தையல்காரி. பள்ளிச் சீருடைகளை மொத்தமாக எடுத்துத் தைக்கிறவள். குளிக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அளவு நாடா கழுத்தில் தொங்கும். என்னைவிட ஆறு வயது மூத்தவள். எனக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று உண்டென்றால் அது அவள் வாய்க்குத்தான். டாக்டர் வீக்கத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, குடலிறக்கம் என்றார். இப்போதே செய்தால் மூன்று அங்குலம் கிழித்தால் போதும், தள்ளிப் போட்டால் குடல் இன்னும் இறங்கும், கிழிப்பதும் நீளும் என்றார். மூன்று அங்குலத்தில் ஒரு சட்டைப் பைக்கு வாய்கூட வைக்க முடியாதே என்று அக்கா சிரித்துவிட்டு, தேதி கேட்டாள்.

தேதி இல்லை. ஆட்டோகிளேவ் என்பது அறுவைக் கத்திகளையும் துணிகளையும் நீராவியின் அழுத்தத்தில் வேகவைத்துக் கிருமியைக் கொல்கிற பெரிய கலன். அது விரிசல் விட்டுவிட்டதால், மிச்சமிருந்த சின்னக் கலனைப் பிரசவத்துக்கும் விபத்துக்கும் மட்டும் ஒதுக்கிவிட்டார்கள். காத்திருக்கக் கூடியவர்கள் காத்திருக்க வேண்டும். பக்கத்து ஊர் மருத்துவமனையில் கேட்டோம். அந்த ஊர்க்காரர்களுக்கே எட்டு மாத வரிசை.

கனத்த தகட்டை வளைத்துக் கலன் செய்கிற பட்டறை எங்கள் பக்கத்தில் என்னுடையது ஒன்றுதான். ஆகவே அந்த வேலை என்னிடமே வந்தது. அக்காவின் அறுவைச் சிகிச்சைக்கான கலனைத் தம்பியே செய்கிறான் என்று தெருவில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன். மூன்றே வாரத்தில் முடித்துவிடுவேன் என்று அக்காவிடம் சொன்னேன். அந்த வாக்கியத்தை அவள் பிறகு எத்தனை முறை எனக்கே திருப்பிச் சொன்னாள் என்பதற்கு அளவில்லை.

தகடு வந்து இறங்கியது. எட்டடி நீளம், நாலடி அகலம், பன்னிரண்டு மில்லிமீட்டர் கனம், கிட்டத்தட்ட முந்நூறு கிலோ. சூட்டில் உருட்டிய துருவேறா எஃகு. சமையலறை எவர்சில்வரின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாளத்தைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, உருளைகளுக்கு நடுவில் விட்டு அழுத்தித் தட்டையாக்கி, மேலே படிந்த கருப்பை அமிலத்தில் கழுவி எடுப்பார்கள். பளபளப்பு இருக்காது. வெளுத்த சாம்பல் நிறத்தில், தடவினால் லேசான சொரசொரப்போடு இருக்கும். இதையே ஆறிய பிறகு இன்னும் மெலிதாக உருட்டி மினுக்கினால்தான் தம்ளரும் தட்டும். தம்ளருக்கு மினுக்கு வேண்டும். நீராவியை அடைத்து வைக்கிற கலனுக்கு முதுகெலும்புதான் வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தகட்டின் ஒரு மூலையில் ஆலையில் ஓர் எண்ணை அடித்து அனுப்புவார்கள். எந்த உலையில், எந்த முறை உருக்கி ஊற்றிய எஃகு என்பதற்கான எண் அது. கூடவே வருகிற சான்றிதழிலும் அதே எண் இருக்கும். எண் இல்லாத தகடு தங்கமே ஆனாலும் பழைய இரும்புக் கடைக்குத்தான் போக வேண்டும். அதனால் தகட்டை வெட்டுவதற்கு முன்னால், வெட்டி எடுக்கப்போகிற துண்டிலும் மிச்சத்திலும் அந்த எண்ணை உளியால் மறுபடி அடித்துவிடுவோம். பட்டறையில் சேர்ந்த எவனுக்கும் மூன்றாம் நாளே தெரிந்துவிடுகிற பாடம் இது.

அழுத்தக் கலன் செய்கிற எந்தத் தகட்டையும் வாரியம் சோதித்து ஒப்புதல் தந்த பிறகுதான் தொட வேண்டும் என்பது சட்டம். சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். கலன் வெடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆகவே தகட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு நல்ல பிள்ளையாக வாரியத்துக்குப் போனேன்.

வாரியத்தின் நடைக்கூடத்தில் நுழைந்ததும் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. 'சூட்டில் உருட்டிய துருவேறா எஃகுத் தகட்டின் பயன்கள்' என்று தலைப்பு. கப்பல், பாலம், பால் குளிரூட்டும் தொட்டி, ரசாயனக் கலன், மருத்துவமனைக் கருவி என்று பதினெட்டுப் பயன்களைப் படத்தோடு எழுதியிருந்தார்கள். பலகை சாயாமல் இருக்க அடியில் ஒரு தகட்டுத் துண்டை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அது பத்தொன்பதாவது பயன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

விண்ணப்பத்தில் நாற்பத்திரண்டு பத்திகள். பதினான்காவது பத்தி, 'தகட்டின் வெப்பம்'. எதற்கென்று கேட்டேன். படிவம் முதலில் கொதிகலன் துறைக்காக அச்சடித்தது, நிறைய மிச்சம் இருக்கிறது, காலியாக விட்டால் திரும்பி வந்துவிடும் என்றார் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் எழுத்தர் அம்மா. வெயிலில் கிடந்தால் சுடும், நிழலில் சுடாது என்று எழுதிக் கொடுத்தேன். திருப்திகரம் என்று முத்திரை விழுந்தது.

மறுநாள், தகட்டை இறக்கி வைத்திருந்த வாரியத்தின் முற்றத்துக்கு மாதிரி அதிகாரி வந்தார். தகட்டிலிருந்து சோதனைக்குத் துண்டு வெட்டுவது அவர் வேலை. நேராக எண் அடித்திருந்த மூலைக்குப் போய், சாக்கட்டியால் முக்கோணமாக ஒரு கோடு போட்டார். எண் முழுவதும் முக்கோணத்துக்குள் இருந்தது. நான் பதறிப்போய், எண்ணை முதலில் மிச்சத் தகட்டில் அடித்துவிடலாமே, உளியும் சுத்தியலும் என் பையிலேயே இருக்கின்றன என்றேன்.

"எண் அடிக்கிறது எண் அதிகாரியோட வேலை" என்றார்.

"அவரைக் கூப்பிடலாமே சார்."

"அந்தப் பதவி நாலு வருஷமா காலியா இருக்கு."

"அப்ப வேற மூலையில வெட்டலாமே?"

"மாதிரிக்கு அடையாளம் வேணாமா? அடையாளம் இல்லாத மாதிரிய நான் எப்படி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவேன்?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு மூலையை வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாதிரிக்கு அடையாளம் இருந்தது. தகட்டுக்கு இல்லை.

ஐந்து வாரம் கழித்து அறிக்கை வந்தது. ஆய்வுக்கூடத்தில் மாதிரியை இரண்டு முனையிலும் பிடித்து, முறிகிற வரை இழுப்பார்கள். எவ்வளவு இழுவை தாங்கியது என்று பார்ப்பதுதான் சோதனை. என் தகடு தாங்க வேண்டியதைவிடக் கால் பங்கு அதிகமாகவே தாங்கியிருந்தது. ஆனால் அறிக்கையின் கடைசி வரி, 'மாதிரி இறுதியில் முறிந்தது' என்றிருந்தது. அந்த வரிக்குக் கீழே யாரோ சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். உலகத்தில் எந்த மாதிரியும் இறுதியில் முறியத்தான் செய்யும், முறிக்கத்தானே இழுத்தீர்கள் என்று விளக்கக் கடிதம் கொடுத்தேன். அது ஏற்கப்பட இரண்டு வாரம்.

அதற்குப் பிறகு அடுத்த கடிதம் வந்தது. மாதிரி தேறிவிட்டது, பாராட்டுகள். ஆனால் வாரியத்தின் முற்றத்தில் கிடக்கும் தகட்டில் எண் எதுவும் காணப்படாததால் அது அடையாளமற்ற தகடாக வகைப்படுத்தப்படுகிறது. அடையாளமற்ற தகட்டுக்கு விதி எட்டு: ஒவ்வொரு மூலையிலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும்.

மிச்சம் மூன்று மூலையையும் வெட்டினார் மாதிரி அதிகாரி. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்ற பிள்ளைக்கு மொட்டையடிப்பதுபோல் இருந்தது. வெட்டி முடித்துவிட்டு அவர் தகட்டைச் சுற்றி மெதுவாக நடந்தார். விரலை நீட்டி எண்ணினார். முகம் இருண்டது.

"எட்டு மூலை இருக்கு" என்றார்.

நாலு மூலையைச் சாய்த்து வெட்டினால் எட்டு மூலை வரத்தான் செய்யும். ஒரு காகிதத்தை மடித்துக் கிழித்துக் காட்டினேன். அவர் மிகுந்த கவனத்தோடு பார்த்தார். கணக்கு தனக்குப் புரிவதாகவும், ஆனால் விதி எட்டில் 'ஒவ்வொரு மூலையிலிருந்தும்' என்றுதான் இருக்கிறதே தவிர 'முதலில் இருந்த மூலை' என்று இல்லை என்றும் சொன்னார். தன் பதினேழு வருட சேவையில் ஒரு மூலையைக்கூட விட்டதில்லை என்றும் சொன்னார். அந்தக் குரலில் பொய் இல்லை. திருடனாக இருந்தால் மல்லுக்கு நிற்கலாம். யோக்கியனை என்ன செய்வது?

எட்டையும் வெட்டினார். பதினாறு ஆனது.

வீட்டில் எலுமிச்சை ஆரஞ்சாகிவிட்டது. அக்கா தையல் இயந்திரத்தில் கால் மிதிக்கும்போது ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மிதித்தாள். பிறகு மிதிப்பதை நிறுத்திவிட்டு, பொத்தான் வைப்பதை மட்டும் செய்தாள். இருமினால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் வாரியத்திலிருந்து திரும்பும்போதெல்லாம், "எத்தனை மூலை?" என்று மட்டும் கேட்பாள். சொல்வேன். அவள் ஊசியில் நூல் கோப்பாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வேறு தகடு வாங்கி முதலிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று எழுத்தர் அம்மாவிடம் கேட்டேன். ஒரு வேலைக்கு ஒரு தகடுதான், பழைய விண்ணப்பம் முடியாமல் புதியது போட முடியாது, பழையதைத் திரும்பப் பெற வேண்டுமானால் தகட்டை முழுசாக ஒப்படைத்ததற்குச் சான்று வேண்டும் என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

இதற்கிடையில் வாரியத்தின் ஒவ்வொரு அறையும் எனக்கு அத்துப்படியாகிவிட்டது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். தேய்ந்தது என் செருப்புதான். நடைக்கூடப் பலகையில் இருந்த பதினெட்டுப் பயன்களைத் தவிர வேறு பயன்களும் மெல்ல என் கண்ணில் பட ஆரம்பித்தன. கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு முக்கோணத் துண்டு. கோப்புகள் பறக்காமல் இருக்க ஆளுக்கொன்று. தேநீர்ப் பாத்திரம் மேசையைச் சுடாமல் இருக்க ஒன்று. கழிப்பறைச் சாக்கடை வாய்க்கு மூடியாக ஒன்று; அதில் யாரோ ஒரு பாவப்பட்டவனின் எண் தெளிவாகத் தெரிந்தது. ஊர் முழுக்கக் கலன்களும் தொட்டிகளும் ஆகியிருக்க வேண்டிய எஃகு இங்கே நாற்காலிக் காலுக்கு அண்டை கொடுத்துக்கொண்டிருந்தது.

நான்காவது மாதம் ஒரு நேர்முக விசாரணைக்கு அழைத்தார்கள். வாரியத் தலைவரே நேரில் கேட்பார் என்று கடிதத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கூட்ட அறையில் பச்சைத் துணி விரித்த நீண்ட மேசை. தலைமாட்டில் தலைவர், ஒரு பக்கம் மாதிரி அதிகாரி, இன்னொரு பக்கம் எழுத்தர் அம்மா, கால்மாட்டில் நான்.

தலைவர் நல்ல மனிதர். என் தகட்டைத் தாமே முற்றத்துக்குப் போய்ப் பார்த்ததாகச் சொன்னார். பிறகு முன்னால் இருந்த தண்ணீர்த் தம்ளரைத் தூக்கிக் காட்டினார்.

"இது எவர்சில்வர். இதுல பாருங்க, என் முகம் தெரியுது. உங்க தகட்டுல குனிஞ்சு பார்த்தேன், நிமிர்ந்து பார்த்தேன், தெரியவே இல்ல. ஜனங்க உயிரை நம்பி ஒப்படைக்கிற ஒரு பொருள்ல வாரியத்தோட முகம் தெரிய வேணாமா? நான் இங்க வந்து பதினோரு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் வாரியம் ஒப்புதல் குடுத்த ஒரு கலன்கூட வெடிச்சதில்ல. ஏன்னு சொல்லுங்க?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"ஒப்புதலை நாங்க அவ்வளவு ஜாக்கிரதையா குடுப்போம். இந்தப் பதினோரு வருஷத்துல ரெண்டே ரெண்டு" என்றார்.

மாதிரி அதிகாரி பெருமையோடு தலையாட்டினார். எழுத்தர் அம்மா குறிப்பெடுத்துக்கொண்டார்.

சூட்டில் உருட்டிய தகடு மின்னாது, மின்ன வேண்டியதும் இல்லை என்று நான் விளக்கினேன். பாளம் முதல் அமிலக் கழுவல் வரை சொன்னேன். அக்காவைப் பற்றியும் சொன்னேன். செவிடன் காதில் சங்குதான். தலைவர் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. அதை அடக்க இரண்டு கையையும் மேசைத் துணிக்கு அடியில் விட்டு, மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மேசை சில்லென்று இருந்தது.

மரம் சில்லென்று இருக்காது. விளிம்பை விரலால் அளந்தேன். பன்னிரண்டு மில்லி. இருபத்திரண்டு வருடமாக நான் தினமும் தடவுகிற கனம், என் விரல் பொய் சொல்லாது. துணிக்கு அடியில் மேற்புறத்தைத் தடவினேன். அதே லேசான சொரசொரப்பு. அப்படியே மூலைக்குப் போனேன். கூரான, வெட்டுப்படாத, செங்கோண மூலை. அங்கே குழிகுழியாகச் சுத்தியலால் அடித்த எண். அதை அடுத்து வட்டமாக ஒரு முத்திரை. வாரியத்தின் முத்திரை.

தலைவர் பேசிக்கொண்டே இருந்தார். நான் விரலால் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை கேட்டிருக்கிறேன். வெண்ணெய்க்கு மேலேயே உட்கார வைத்து நெய்யைப் பற்றி விசாரணை நடத்திய கதையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கூட்டம் முடிந்ததும் எழுத்தர் அம்மாவைத் தனியாகப் பிடித்து, துணிக்கு அடியில் இருக்கிற தகடு யாருடையது என்று கேட்டேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டு, அலமாரியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு கோப்பை எடுத்தார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் பால் தொட்டி செய்கிற ஒருவர் கொண்டு வந்த தகடு. அப்போது எண் அதிகாரி இருந்தார். முறையாக எண் அடித்து, ஒரு ஓரத்தில் மட்டும் மாதிரி எடுத்து, எல்லாச் சோதனையும் தேறி, முத்திரையும் விழுந்துவிட்டது. தலைவர் சொன்ன இரண்டு ஒப்புதலில் ஒன்று அது. வெளியே கொண்டு போவதற்கான வாயில் சீட்டுப் புத்தகம் மட்டும் தீர்ந்துபோயிருந்தது. புதுப் புத்தகம் அச்சாகி வர ஒன்றரை வருடம். அதற்குள் பால் தொட்டிக்காரர் வருவதை நிறுத்திவிட்டார். தகடு சும்மா கிடக்கிறதே என்று நாலு கால் வைத்துத் துணி விரித்துவிட்டார்கள்.

"அதை எனக்குக் குடுத்துடுங்களேன்" என்றேன். "என்னோடதை நீங்களே வச்சுக்கோங்க."

"அது இப்ப தகடு இல்ல சார். தகட்டுப் பதிவேட்டுல அடிச்சுட்டாங்க. தளவாடப் பதிவேட்டுல மேசைன்னு ஏறியிருக்கு. தகடா கேட்டா உங்க பேரனுக்குத்தான் கிடைக்கும்." கோப்பை மூடினார். பிறகு என்னைப் பார்க்காமலேயே சொன்னார். "மேசைய மாத்தணும்னா ஒரு வெள்ளைத் தாள்ல எழுதிக் குடுத்தாப் போதும்."

அன்று சாயந்திரமே பட்டறையில் வேலையைத் தொடங்கினேன். ஒரு மில்லி கனத்தில் கண்ணாடிபோல் மினுக்கிய எவர்சில்வர் தகடு, அடியில் மரச்சட்டம், ஓரத்தில் சன்னமாக ஒரு மடிப்பு. நாலு நாளில் மேசை தயார். வெள்ளைத் தாளில், வாரியத்தின் மீதுள்ள மதிப்பின் அடையாளமாக இந்த மேசையை ஏற்றுக்கொண்டு பழையதைக் கழித்துக் கட்டும்படி எழுதினேன். மதிப்பு என்ற சொல்லை எழுதும்போது பேனாவை இரண்டு முறை உதற வேண்டியிருந்தது.

தலைவர் புது மேசையின் மேல் குனிந்தார். முகம் தெரிந்தது. இடது பக்கம் திரும்பிப் பார்த்தார், வலது பக்கம் திரும்பிப் பார்த்தார். முன்நெற்றி முடியைச் சரி செய்துகொண்டார். இது மெல்லிய தகடு, கனம் தாங்காது என்று நான் நேர்மையாகச் சொன்னேன். இதன் மேல் யாரும் ஏறி நிற்கப்போவதில்லை என்றார். உடனே அவசரக் கூட்டம். தலைவர் எழுந்து நின்று பேசினார்.

"வாரியத்துக்கு வேகமா முடிவெடுக்கத் தெரியாதுன்னு வெளிய பேசுறாங்க. எனக்கும் காதுல விழுது. இப்ப மணி பதினொண்ணு. ஒரு மேசைய மாத்துறதுக்கு இந்த வாரியம் எவ்வளவு நேரம் எடுத்துக்குதுன்னு எல்லாரும் பார்த்துக்கட்டும்."

நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டது. பழைய மேசைக்கு வாயில் சீட்டும் உடனே கிடைத்தது. தளவாடத்துக்குத் தனிப் புத்தகமாம், அது ஒருநாளும் தீர்ந்ததே இல்லையாம். முந்நூறு கிலோவையும் லாரியில் ஏற்ற மாதிரி அதிகாரியே ஒரு பக்கம் தோள் கொடுத்தார். மேசை ஏன் இவ்வளவு கனக்கிறது என்று மூச்சு வாங்கக் கேட்டார். நல்ல மரம் சார் என்றேன். என் வாழ்க்கையில் தொழில் விஷயத்தில் நான் சொன்ன ஒரே பொய் அது. எழுத்தர் அம்மா பழைய சான்றிதழின் நகலை ஒரு உறைக்குள் போட்டு, மேசையின் உதிரி பாகம் என்று மேலே எழுதிக் கொடுத்தார்.

தகட்டைப் பட்டறையில் கழுவி, அங்குலம் அங்குலமாகச் சோதித்தேன். ஒன்பது வருடம் துணிக்குள் கிடந்ததால் புத்தம் புதிதாக இருந்தது. வளைத்து, பற்றவைத்து, தண்ணீர் அழுத்தம் ஏற்றி ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்து, பத்தொன்பதாம் நாள் கலனை மருத்துவமனையில் இறக்கினேன். மருத்துவமனைக்கு வாரியத்திலிருந்து ஆய்வாளராக வந்தவர் எண்ணைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், கலனைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டார். மூன்று வாரம் என்று அக்காவிடம் சொன்னதை இரண்டு நாள் முன்னதாகவே முடித்துவிட்டேன். நடுவில் வாரியத்துக்குப் போன நான்கு மாதத்தைக் கழித்துப் பார்த்தால்.

புதுக் கலனில் வெந்த கத்தியால் நடந்த நான்காவது அறுவை அக்காவுடையது. முக்கால் மணி நேரம் என்று சொன்னது மூன்று மணி நேரம் ஆனது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கலனின் நீராவிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் வெளியே வந்து, உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார். குடல் நிறைய இறங்கி ஒட்டிக்கொண்டிருந்தது, ஒரு துண்டை எடுக்க வேண்டியதாகிவிட்டது, கொஞ்சம் பெரிதாகவே திறக்க வேண்டியிருந்தது, இனி ஒரு வருடம் தையல் இயந்திரம் மிதிக்கவே கூடாது என்றார். பிறகு, "அஞ்சு மாசம் முன்னாடின்னா அன்னைக்கே நடந்து வீட்டுக்குப் போயிருப்பாங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. ஆனாலும் அந்த இடத்தில் யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது. யாரை அடிப்பது? விதி எட்டையா?

மூன்றாவது வாரம், அக்கா வீட்டுக்கு வந்து சாய்ந்து உட்காரத் தொடங்கியபோது, வாரியத்திலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே இரண்டு தாள்கள்.

முதல் தாளில், முற்றத்திலேயே கிடந்த என் தகடு அனைத்துச் சோதனைகளிலும் தேறிவிட்டதாக மகிழ்ச்சியோடு தெரிவித்திருந்தார்கள். அறுபத்து நான்கு மூலைகளுக்குப் பிறகு கோணம் அளக்கும் கருவி எதுவும் மூலையைக் காட்டவில்லையாம். இதற்கிடையில் தலைவர் ஒரு கூட்டத்தில் மேசையை ஓங்கித் தட்டிப் பேசியதில் புது மேசை குழிந்துவிட்டது. தலைவரின் முகம் அதில் கோணலாகத் தெரிகிறது. எனவே உறுதியானதும், அழகிய நீள்வட்ட வடிவம் கொண்டதுமான மேற்படி தகடு கூட்ட அறையில் நிரந்தரக் கண்காணிப்பில் வைக்கப்படுகிறது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

இரண்டாவது தாள் கருத்துப் படிவம். ஒரே ஒரு கேள்வி. 'வாரியத்தின் சேவையால் தாங்கள் அடைந்த பயன் யாது? அளவுகளுடன் குறிப்பிடவும். ஆதாரம் இணைக்கவும்.'

நான் அதைக் கசக்கப் போனேன். அக்கா கையை நீட்டி வாங்கிப் படித்தாள். இரண்டு முறை படித்தாள். பிறகு கழுத்திலிருந்த நாடாவை எடுத்தாள். அந்தப் பக்கம் திரும்பிக்கோடா என்றாள். திரும்பிக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் துணி விலகுகிற சத்தமும், நாடா இழுபடுகிற சத்தமும், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுகிற சத்தமும் கேட்டன.

"பத்து இன்ச்" என்றாள். "அதுல மூணு என்னோடது. டாக்டர் முதல்லயே சொன்னது. அதை அவங்க தலையில கட்டாத, பாவம். ஏழுன்னு எழுது."

ஏழு அங்குலம் என்று எழுதினேன். எழுத்து கலங்கித் தெரிந்தது. ஆதாரம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"நேர்ல வந்து பார்த்துக்கச் சொல்லு" என்றாள். பிறகு நாடாவைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டே சொன்னாள். "ஆனா மூலையில மாதிரி வெட்ட விடமாட்டேன்னு சேர்த்து எழுது."